அக்காவைப் போல உட்கார்ந்தது

நான் ஆறாம் வகுப்பு படித்த ஆண்டு, தை மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணிக்கு அது தொடங்கியது. பெரியப்பா மகளான அக்காவைப் பெண் பார்க்க, மடுகரையிலிருந்து ஒரு வேன் பாகூரை ஒட்டிய எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. மாப்பிள்ளையின் போட்டோவை அக்கா செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததை நான் கண்டிருந்தேன். இந்த இடம் அமைய வேண்டுமென்று அவள் விரும்பினாள் என்பது எனக்கே தெரிந்தது.

அம்மா என் சடையை இறுக்கிக்கொண்டே சொன்னாள்: "தோ பாரு, கால ஆட்டாத, எதையும் நோண்டாத, குறுக்க பேசாத. அக்கா எப்டி இருக்காளோ அப்டியே இரு, போதும்."

நிம்மதியாக இருந்தது. ‘ஒழுங்காக இரு’ என்பது எனக்கு ஒருபோதும் விளங்காத கட்டளை. இது செய்யக்கூடியது.

ஆட்டிசமும், கவனமும் உடலும் ஓரிடத்தில் நிற்கவிடாத ஏடிஎச்டியும் சேர்ந்தே என்னிடம் இருப்பதாக மருத்துவர் சொன்னது கல்லூரிக்கு வந்த பிறகு. பிறரைப் பார்த்து, அவர்களைப் போலவே நடந்து, இரண்டையும் மறைப்பதற்கு மாஸ்கிங் என்று ஒரு பெயர் இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. அன்று தெரிந்தது இவ்வளவுதான்: தட்டுகளில் கேசரி ஒரே அளவாக இல்லாததை என்னில் பாதி பொறுக்கவில்லை; மின்விசிறியின் கடகடப்பைக் கேட்டு மறுபாதி எழுந்து ஓடப் பார்த்தது. பாவாடைக்குள் கால்விரல்களை மடக்கி இரண்டையும் அடக்கிக்கொண்டு, பாயில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா அக்காவிடம் கேட்டார்: "சமைக்கத் தெரியுமா கண்ணு?"

அக்கா தலையைக் குனிந்தாள். முடியைக் காதுக்குப் பின்னே ஒதுக்கினாள். உதட்டை மூடியபடி சிரித்து, "ஏதோ தெரியும்" என்றாள். நானும் குனிந்தேன், ஒதுக்கினேன், சிரித்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா படிக்கிற?"

குனிந்து, முடியை ஒதுக்கி, அதே குரலில் சொன்னேன்: "ஏதோ படிக்கிறேன்."

கூடம் முழுவதும் சிரித்தது. "இன்னாம்மா, உங்க வூட்ல சின்னதுல இருந்தே ட்ரெய்னிங் குடுத்துடுவீங்க போல!" என்றார் அவர். மாப்பிள்ளையும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை என்பதால், நானும் என் சிரிப்பை உடனே நிறுத்தினேன்.

ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகக் கூறி அவர்கள் புறப்பட்டார்கள். அந்தச் சொல் கடைசிவரை வரவில்லை. நான்தான் காரணமா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

வேன் போனதும் அக்கா என்னை அறைக்குள் இழுத்தாள். "என்னக் கிண்டல் பண்றியாடி?"

"இல்லக்கா. அம்மாதான் உன்ன மாதிரியே இருக்கச் சொன்னாங்க."

"அதுக்குன்னு எல்லார் எதிர்லயுமாடி?"

அந்தக் கேள்வி என்னைக் குழப்பியது. எதிரில் யாரும் இல்லாதபோது நான் எவரைப் போலவும் இருக்க வேண்டியதே இல்லையே. அக்காவின் கண் மை கலைந்திருந்தது. அதற்கு நான் என்ன முகம் வைத்துக்கொள்ள வேண்டும்? பார்த்துச் செய்ய அறையில் வேறு ஆள் இல்லை. நான் வெறுமனே நின்றேன். "கல்லு மாதிரி நிக்கிது பாரு" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள்.

நெடுநேரம் யோசித்ததில், தவறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டதாகவே நம்பினேன்: நான் தேர்ந்தெடுத்த ஆள் சரியில்லை. மறுநாள் காலை பள்ளி வேனில் ஏறியதும், முன்சீட்டில் இருந்த, எல்லோருக்கும் பிடித்தமான ஒரு பெண் எப்படிச் சிரிக்கிறாள் என்று பார்க்கத் தொடங்கினேன்.