அவசரம் இல்லை

காலை ஒன்பதரை மணி. ஆந்திர எல்லையில், பிச்சாட்டூருக்கு அடுத்த ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் நான் முதலில் பார்த்தது, ஆசிரியர் மேசைமேல் இருந்த தடுப்பூசிக் குளிர்ப்பெட்டி. கிராம சச்சிவாலயம் என்கிற ஊர் அரசு அலுவலகத்தின் கால்நடை உதவியாளர் தமிழ்வழி நான்காம் வகுப்புக்குக் கழித்தல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஆசிரியை மாற்றலாகிப் போனபின் மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்த வகுப்பு அது. ஆள் பற்றாக்குறைக்குச் சச்சிவாலய ஊழியர்களைப் பாடம் நடத்த அனுப்பியிருந்தார்கள். அதைச் செய்தியாக எழுதத்தான் போயிருந்தேன்.

“சார், தப்பா போட்டா ஊசி போடுவீங்களா?” என்றான் ஒரு பையன்.

“மாட்டு ஊசிடா இது. ஒனக்கு ரெண்டு போட்டாத்தான் ஏறும்.”

வகுப்பே சிரித்தது. உதவியாளர் நகரித் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, இரண்டு மொழியும் தெரிந்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்கவில்லை.

நான் கிளம்பியபின் நடந்ததை மறுநாள் சம்பந்தப்பட்டவர்களே சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு பெண் தலைமையாசிரியரைத் தேடி வந்திருக்கிறாள். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தெலுங்கு அவ்வளவாக வராது. தலைமையாசிரியர் மதனப்பள்ளித் தெலுங்குக்காரர், பள்ளிக்குப் புதியவர், தமிழ் அரைகுறை.

“பசுவுக்குக் கன்னு போடுற நோவு எடுத்துக்கினு கீது சார். ஊசி சார் வரணும். அவசரம் இல்ல, பெல் அடிச்சப்புறம் வந்தா போதும்.”

அவள் மகள் அந்த நான்காம் வகுப்பில்தான் படித்தாள். இத்தனை நாள் கழித்து நடக்கிற பாடத்தைத் தன் மாட்டுக்காக நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. ஏதோ கேட்க வந்தவள் தேவையில்லை என்றுவிட்டாள் என்று தலைமையாசிரியர் எடுத்துக்கொண்டார். “சரேம்மா” என்று தலையாட்டினார். அவள் நிம்மதியாகத் திரும்பிப் போனாள். எங்கள் எல்லையோரத்தில் இரண்டு பொருளிலும் நாள் முழுக்கப் புழங்கும் சொல் அது. பேசுகிறவர் முகத்தைப் பார்த்தே எந்த மொழி என்று தெரிந்துகொள்வோம்.

பெல் அடித்ததும், சேதி எட்டாத உதவியாளர் அடுத்த ஊருக்கு ஆடுகளுக்கு ஊசி போடப் போய்விட்டார். அவள் தொழுவத்தில் காத்திருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் ஆள் போய் அவரைக் கூட்டி வந்தபோது கன்றின் முன்னங்கால் மடங்கிச் சிக்கியிருந்தது. பசு பிழைத்தது. கிடேரிக் கன்று உயிரில்லாமல் வெளியே வந்தது.

மறுநாள் பள்ளி வராந்தாவில், “அவசரம் லேதனி ஆமே செப்பிந்தி கதா,” அவள்தானே தேவையில்லை என்று சொன்னாள் என்றார் தலைமையாசிரியர். அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன பொருள் என்று உதவியாளர் மெதுவாக விளக்கினார். தலைமையாசிரியர் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

இருவரும் அவள் வீட்டுக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். உதவியாளரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“வுடுங்க சார், பெல் அடிக்கட்டும்னு சொன்னது நான்தானே,” என்றாள். “பாப்பா நேத்து கடன் வாங்கிக் கழிக்கிறத எனக்குப் போட்டுக் காட்டிச்சி. அத மட்டும் நிறுத்திடாதீங்க.”

தமிழ்வழி ஆசிரியர் இன்னும் வரவில்லை. உதவியாளரிடம் இப்போது ஐந்தாம் வகுப்பும் இருக்கிறது.