தும்மலுக்கு இந்தக் கரை

வேகவைத்த உருளைக்கிழங்கை இரண்டாகப் பிளந்து விரல்களால் அமுக்கிப் பார்க்கிறார். பிறகு நான்காகப் பிளந்து மறுபடி அமுக்குகிறார். முள் இல்லை என்று உறுதியான பிறகுதான் வாய்க்குப் போகிறது. ரொட்டிக்கும் இதே சோதனைதான். ஒருநாள் நான் கொடுத்த வாழைப்பழத்தையும் கூழாக்கிப் பார்த்துவிட்டே தின்றார்.

"உருளைக்கிழங்குல எப்படிங்க முள் இருக்கும்?"

"இருக்காதுதான். இருந்துட்டா?"

ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தில் வலை இழுப்பது அவர் தொழில். முப்பத்தைந்து ஆண்டுகளாக மீன் பிடிக்கிறார், பதினோரு ஆண்டுகளாக மீன் தின்பதில்லை. ஊர் அவருக்கு வைத்த பெயர் முள்ளுக்காரர். ஏன் தின்பதில்லை என்று யாராவது கேட்டால், "போலீஸ்காரன் திருடனைப் புடிக்கிறான். தின்னவா செய்றான்?" என்று வாயை அடைத்துவிடுவார்.

உண்மைக் காரணத்தை அவர் மனைவி சொன்னார். ஆறு வயதில் தொண்டையில் முள் சிக்கி, ஒரு நாள் முழுக்க மூச்சுக்குத் தவித்திருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு முள் எடுத்துக் கொடுத்தது அக்கா. அக்கா கல்யாணமாகி எதிர்க்கரைக்குப் போன பிறகும் மதியமானால் படகைத் தள்ளிக்கொண்டு போய், அவள் முள் நீக்கி வைத்த மீனைத் தின்றுவிட்டு வருவார். "எங்கிட்ட அந்த வேலை நடக்காதுன்னு சொல்லிட்டேன். மீன் புடிக்கிற மனுசனுக்கு முள்ளு எடுத்துக் குடுக்க நான் என்ன ஆஸ்பத்திரியா வச்சிருக்கேன்?" என்றார் மனைவி.

அந்தப் போக்குவரத்து நின்றது ஒரு தும்மலால்.

அவருடைய வலை, ஆற்றின் குறுக்கே கட்டி இரண்டு கரையிலிருந்தும் இழுக்க வேண்டிய வலை. அவருடைய அப்பா சாகும்போது ஒரு தலைக்கயிற்றை மகனுக்கும் மறு தலைக்கயிற்றை மருமகனுக்கும் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் ஒரு நெத்திலியைக்கூடப் பிடிக்க முடியாது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலையில், இரண்டு கரையும் தாங்காத அளவுக்கு மடவை மீன் கூட்டம் வலைக்குள் வந்தது. இழுக்கிற நேரத்தில் எதிர்க்கரையிலிருந்த மச்சான் தும்மினார். கயிறு கைநழுவியது. மீனெல்லாம் வந்த வழியே கடலுக்குத் திரும்பிப் போய்விட்டன.

"வேணும்னே தும்முனான்" என்பது முள்ளுக்காரர் கட்சி. "தும்மலை எவனாவது வேணும்னு வரவழைப்பானா?" என்பது தும்மல்காரர் கட்சி. அன்றோடு பேச்சு நின்றது. தும்மினவன் வீட்டில் கை நனைப்பதில்லை என்று முள்ளுக்காரர் சபதம் போட்டார். அக்காவின் முகத்தைப் பார்த்தால் சபதம் கரைந்துவிடும் என்று அந்தப் பக்கமே போவதில்லை. பெண்கள் இருவரும் மட்டும் தினமும் போனில் பேசிக்கொள்கிறார்கள்.

பேச்சு நின்றதே தவிர, வலை நிற்கவில்லை. தொழில் நடக்க வேண்டுமே. அதற்கு ஒரு நாய் கிடைத்தது. யாருடைய நாயும் இல்லை. இரண்டு கரைக்கும் நீந்திப் போய் இரண்டு இடத்திலும் மீன் தலை தின்னும் நாய்.

"யேய் நாயே! கயிறை லூசு விடச் சொல்லு!" என்று இந்தக் கரையிலிருந்து சத்தம் போகும்.

"நாயே! விட்டாச்சுன்னு சொல்லு! கண்ணு தெரியலேன்னா கண்ணாடி போடச் சொல்லு!" என்று அங்கிருந்து வரும்.

நாய் காதைச் சொறிந்துகொண்டிருக்கும். அது இல்லாத நாட்களில் காக்கையிடம் சொல்வார்கள். காக்கையும் இல்லாத ஒரு நாளில் என்னிடம் சொன்னார்கள்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். பட்டம் வாங்கி ஒன்றரை வருடமாகிறது. வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, பதில் வரும்வரை இந்தக் கரையில் உட்கார்ந்திருக்கிறேன். முள்ளுக்காரர் ஒருநாள் கேட்டார்: "படிச்ச புள்ளதானே நீ? சொல்லு. தும்மலை அடக்க முடியுமா, முடியாதா?"

நான் படித்தது புள்ளியியல். ஆனாலும் தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. இரண்டு நாள் தேடிப் படித்துவிட்டு, "சில நேரம் முடியும், சில நேரம் முடியாது" என்றேன்.

"இதைச் சொல்லவா பதினாறு வருசம் படிச்ச?" என்றார். எதிர்க்கரைக்கும் செய்தி போனது. அங்கிருந்தும் ஏறக்குறைய அதே பதில்தான் வந்தது. பதினோரு ஆண்டுகளில் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் என் படிப்பின் தரம்தான். அவர்கள் சொன்னது சரிதானோ என்று எனக்கும் அவ்வப்போது தோன்றுகிறது.

தும்மல்காரருக்கு வேறொரு குறை இருந்தது. ஒருநாள் மதியம் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கத்தினார்: "நாயே, அவன் அக்கா இன்னும் மீன்ல முள்ளை எடுத்துட்டுத்தான் டப்பால வைக்கிறா! கேட்டா கை பழகிப்போச்சுங்கிறா! நான் என்ன பல்லு முளைக்காத புள்ளையா?"

எந்தப் பேச்சுக்கும் எதிர்ப்பேச்சு வைத்திருக்கும் முள்ளுக்காரர் அன்று குனிந்து, அவிழாத முடிச்சு ஒன்றை வெகுநேரம் அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் மழை இல்லை. ஆற்றுக்குத் தள்ளும் வலு இல்லாததால் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டியது. எண்பது அடி அகலமிருந்த முகத்துவாரம் நாற்பதாயிற்று, இருபதாயிற்று. காலையில் வந்ததும் முள்ளுக்காரர் கண்ணாலேயே அளப்பார். முகம் தொங்கிவிடும். பத்தடி ஆனபோதும் இருவரும் எண்பது அடிக்கான குரலிலேயே கத்தினார்கள். இரண்டு சத்தத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நாய் எழுந்து தூரப் போய்ப் படுத்தது.

போன சனிக்கிழமை முகத்துவாரம் முழுவதுமாக அடைபட்டது. ஆறு குட்டையாகிவிட்டது. மீன் உள்ளே வர வழியில்லை. எங்கள் ஊரில் இரண்டு வீட்டு அடுப்பு அந்த வழியை நம்பித்தான் எரிகிறது. ஆனால் முள்ளுக்காரரை அன்றிரவு தூங்கவிடாமல் செய்தது மீன் அல்ல, மனைவி கொண்டுவந்த செய்தி.

"அண்ணி போன் பண்ணாங்க. ஆறு மூடிக்கிச்சாமே, நாளைக்கு மதியம் மணல் மேலயே நடந்து வந்து என் தம்பியைப் பாக்குறேன்னாங்க."

ஞாயிறு விடியும்போதே மண்வெட்டியோடு மணல்திட்டில் நின்றார். நாயிடம் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது: "வந்து எதிர்ல நின்னுட்டா நான் என்னடா பண்ணுவேன்?"

குதிகாலால் ஆற்றிலிருந்து கடல்வரை ஒரு கோடு கிழித்தார். "நாயே! இதுக்கு அந்தாண்ட அவன், இந்தாண்ட நான்னு சொல்லு!" தும்மல்காரரும் மண்வெட்டியோடுதான் வந்திருந்தார். பேசாமல் இருக்க ஒரு ஆறு வேண்டும் என்பதில் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

கோட்டின் மேலேயே வாய்க்கால் வெட்டினார்கள். முள்ளுக்காரர் ஆற்று முனையில் ஆற்றைப் பார்த்து, தும்மல்காரர் கடல் முனையில் கடலைப் பார்த்து. முகத்தைப் பார்க்கக் கூடாதல்லவா? வெட்டிக்கொண்டே பின்வாங்கினார்கள். நான் வெயிலுக்கு முதுகு காட்டி எதிர்க்கரைப் பக்கமாக நின்றுகொண்டேன். பத்து மணிவாக்கில் நடுவில் முதுகும் முதுகும் மோதின. இருவரும் சேர்ந்தாற்போல "நாயே!" என்று கத்தினார்கள்.

கடைசியாக ஆற்று முனையில் விட்டுவைத்திருந்த மணல் தடுப்பு, அவர்கள் தொடாமலேயே இடிந்தது. தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் பாய்ந்து வந்தது. முள்ளுக்காரர் வாழ்நாள் முழுக்கக் கடலைப் பார்த்து வேலை செய்தவர். அப்படி நிற்கையில் அவர் கரை எப்போதும் வலதுகைப் பக்கம். பழக்கத்தில் வலதுபக்கம் பாய்ந்தார். அன்று அவர் ஆற்றைப் பார்த்து நின்றிருந்ததால், போய் விழுந்தது என் காலடியில், மச்சான் கரையில்.

தும்மல்காரர் சரியாகத் தன் கரைக்குத்தான் ஒரு காலை வைத்தார். அங்கே யார் கிடக்கிறார் என்று பார்த்தார். வைத்த காலை எடுத்து எதிர்ப்பக்கம் தாவிவிட்டார்.

ஐந்து நிமிடத்தில் வாய்க்கால் முப்பது அடியானது. நாய்கூட இறங்க யோசித்தது. பாலம் மேலே ஆறு கிலோமீட்டரில் இருக்கிறது. வெயிலில் நடக்கும் தெம்பு இருவருக்கும் இல்லை. வேகம் தணியும்வரை அவரவர் எதிரியின் கரையில் உட்கார்ந்தார்கள்.

மதியமானது. எதிர்க்கரையில் தும்மல்காரர் முள்ளுக்காரரின் வலைக் கம்பத்தில் தொங்கிய சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

"நாயே! வெறும் உருளைக்கிழங்குதானா? இதைத் தின்னுட்டா பதினோரு வருசமா வலை இழுத்தான்னு கேளு!"

சற்று இறங்கிய குரலில் மறுபடி வந்தது:

"அங்க என் டப்பா தொங்குது. தின்னச் சொல்லு. காக்கா கொத்திடும்."

முள்ளுக்காரர் என்னைப் பார்த்தார். இது கை நனைக்கிற கணக்கில் வருமா என்று படித்தவனிடம் கேட்கப் போகிறார் என்று பயந்தேன். கேட்கவில்லை. கம்பத்திலிருந்து டப்பாவை எடுத்து மடியில் வைத்து மூடியைத் திறந்தார். சோற்றின் மேல் மீன், உதிர்த்து, ஓரமாகக் குவித்து வைக்கப்பட்டிருந்தது.

கையை ஆற்றில் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு துண்டை எடுத்தார். நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அமுக்கவில்லை, பிளக்கவில்லை. அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.