தேய்மானம்தான், வேறொன்றுமில்லை

தேய்மானம் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் யாரும் பயந்ததில்லை. சோப்பு தேயும், செருப்பு தேயும். நகைக்கடைக்காரர் என் கம்மலில் தேய்மானம் என்று கழிப்பார், நான் நன்றாகச் சண்டை போட்டுவிட்டு வருவேன். எனக்கு அந்தச் சொல்லோடு உறவு அவ்வளவுதான்.

என் கணவருக்கோ அதுதான் பிழைப்பு. நெய்வேலிச் சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில், அதைத் தாங்கி உருளும் ரோலர்களைப் பார்க்கிற கான்ட்ராக்ட் வேலை. தேய்ந்த ரோலர் கிறீச்சென்று கத்தும். அது உடைந்து பெல்ட்டைக் கிழிக்கும் முன்னால் மேலே சொல்லிவிட வேண்டும். சொன்னால், அடுத்து பெல்ட்டை நிறுத்தும் ஷட்டவுனில் மாற்றிவிடுவார்கள். "தேஞ்சத மறைக்கவே கூடாது" என்பார், ஏதோ வேதவாக்கு மாதிரி. வருடக்கணக்காகக் குனிந்தும் குந்தியும் அதே வேலை. பெர்மனெண்ட் ஆகட்டும், குவார்ட்டர்ஸ் கிடைக்கட்டும் என்று ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் வடலூர் போய் வேண்டிக்கொள்வேன்.

தானே புயல் அடித்த மறுவருடம் அவருக்கு முழங்கால் வீங்கியது. வடலூரில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "மூட்டுத் தேய்மானம். இனிமே குந்தக் கூடாது" என்றார். குந்தாமல் அந்த வேலையை எப்படிப் பார்ப்பது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் வெளியே வந்து சிரிக்கிறார்!

"நான் என்னமோ ஏதோன்னு பயந்துகினு இருந்தேன். தேய்மானம்தானாமே!"

"யார்கிட்டயும் ஒளறி வைக்காதீங்க" என்று பஸ்ஸிலேயே சொன்னேன். கேட்டால்தானே! மறுநாள் ஷிப்டில் நேராக சூப்பர்வைசரிடம் போய், ரோலரைச் சொல்வது போலவே முழங்காலைச் சொல்லியிருக்கிறார். "தேய்மானம்தான் சார், வேற ஒண்ணுமில்ல. குந்துற வேல மட்டும் கொஞ்சம் கொறச்சிக் குடுங்க." அவரும் "சரிப்பா, பாத்துக்கலாம்" என்றாராம். அதிலேயே இவர் குளிர்ந்துபோய் வீடு வந்தார்.

அடுத்த கான்ட்ராக்ட்டுக்கு ஆள் எடுத்தபோது இவரை எடுக்கவில்லை. கேட் பாஸையும் வாங்கிக்கொண்டார்கள். பெர்மனெண்ட் கனவு கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகி, அந்தக் கட்டெறும்பும் செத்தது.

அன்று நான் ஆடித் தீர்த்துவிட்டேன். "தவள தன் வாயாலதான் கெடும்னு சும்மாவா சொன்னாங்க! ரோலரு தேஞ்சா ரோலர மாத்துவான். காலு தேஞ்சா காலயா மாத்துவான்? ஆளத்தான் மாத்துவான்!"

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"அவங்க மேல என்னா தப்பு? நானா இருந்தாலும் மாத்தத்தான் சொல்லியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார்.

ஊற்றினேன். அதற்கப்புறம் அவரோடு சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.