சந்து விடாத கதவு

சிவப்புப் பிடி போட்ட ஏழு உளிகள், கண்ணாடித்தாள் மூடிய பெட்டிக்குள் வரிசையாகப் படுத்திருந்தன. சங்கராபுரம் இரும்புக்கடையில் கணக்கு சார் அந்தப் பெட்டியைத் தூக்கியதுமே கடைக்காரர் சிரித்துவிட்டார். "ஏழு இன்னாத்துக்கு சார்? ஒரு உளி, ஒரு ரம்பம், ஒரு இழைப்புளி போதும். தீட்டறதுக்கு ஒரு கல்லு வாங்கிக்கிங்க, அதான் முக்கியம்." சார் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்து, திரும்ப வைத்தார். "எல்லாம் புதுசு. புதுச எதுக்குங்க தீட்டணும்?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கல்வராயன் மலையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த விடுதிப் பள்ளியில், பெண்பிள்ளைகளின் குளியலறைக்கு நிலை இருந்தது, கதவு இல்லை. ஒரு சாக்குப் படுதா தொங்கும். மலைக்காற்று அதைத் தூக்கும். உள்ளே இருப்பவள் ஒரு கையால் படுதாவையும் ஒரு கையால் சொம்பையும் பிடித்துக்கொண்டு குளிப்பாள். கோடை விடுமுறை விட்ட அன்று, எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அவள் அம்மா பெட்டியோடு அழைத்துப்போனாள். "கதவு போடுங்க டீச்சர், திரும்ப அனுப்பறேன். சாக்கு போட்டு மூட எம்பொண்ணு இன்னா நெல்லு மூட்டையா?" கேட்டுக் கேட்டுச் சலித்தோம், மேலிடத்தில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கீழே தச்சர்களுக்குக் கல்யாணக் கட்டில் வேலை. ஒற்றைக் கதவுக்காக மலையேற எவரும் தயாராயில்லை. பள்ளி திறப்பதற்குள் நாமே செய்துவிடுவோம் என்று சார் சொன்னார். தமிழ் டீச்சர் நான், சரி என்றேன்.

அந்த மே மாதத்தை நினைத்தால் இன்றும் உள்ளங்கை எரிகிறது. புது உளி மரத்தைச் செதுக்கவில்லை, கடித்துத் துப்பியது. இழைப்புளி வழுக்கிக்கொண்டு ஓடியது, அல்லது ஒரே இடத்தில் கொத்தி நின்றது. பென்சில் கோடு ஒரு பக்கம் போக, ரம்பம் தன் பாட்டுக்கு இன்னொரு பக்கம் போனது. "டீச்சர், நேரா அறுக்கறீங்களா, ரோடு போடறீங்களா?" என்பார் சார். "நீங்க அறுத்தது மட்டும் இன்னா, மலைப்பாதை வளைவு மாதிரி இருக்குது" என்பேன். கடைசியில் கல்லுக்காகவே மறுபடி பஸ் பிடித்துச் சங்கராபுரம் இறங்கினோம். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். கல்லில் தண்ணீர் விட்டு, சாய்வு மாறாமல் தேய்த்து, உளியின் முதுகுப்பக்கம் மடங்கும் இரும்புப் பிசிறை விரலால் தடவி, அதையும் நீக்கிவிட்டு உளியை மரத்தில் வைத்த அந்த நொடியில்தான் மரம் முதன்முதலாக எங்களுக்கு வழிவிட்டது. அதற்குள் பாதி விடுமுறை போய்விட்டது. ஏழு உளிகளில் நாங்கள் பழகியது ஒன்றோடுதான்.

சாருக்கு எல்லாம் துல்லியமாக இருக்க வேண்டும். நிலையை மேலே, நடுவே, கீழே அளந்தார், மாம்பலகையை அந்த அளவுக்கே இழைத்தார், தூக்கிப் பொருத்தினோம். கதவு மூச்சுவிடாமல் மூடிக்கொண்டது. ஒரு தேர்வுத்தாளை இடுக்கில் செருகிப் பார்த்தார், நுழையவில்லை. "சந்தே கிடையாது டீச்சர்!" அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஜூன் மாதம் அந்த அம்மா மகளோடு வந்தாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். வெளியே வந்து மகளின் பெட்டியை என் கையில் கொடுத்தாள்.

பிறகு மழை வந்தது. மலையில் மழை பெய்து ஓய்வதில்லை. மேகம் வந்து வராந்தாவிலேயே குடியிருக்கும். துணி காயாது, உப்பு நீர்த்துப்போகும். சாயம்கூடப் பூசாத அந்த மாம்பலகை, வந்த ஈரத்தையெல்லாம் குடித்தது. மே மாத வெயிலில் எடுத்த அளவு ஆடிக்குச் செல்லுமா? அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரு காலை அந்தப் பெண் உள்ளே குளித்துக்கொண்டிருந்தபோது கதவு உப்பி நிலையோடு இறுகிவிட்டது. அவள் தட்டினாள், கத்தினாள். பிள்ளைகள் ஓடிவந்தார்கள், பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் கீழ்க்கட்டடத்திலிருந்து மூச்சுவாங்க ஏறி வருவதற்குள், சார் பதறிப்போய், "ஓரமா நில்லும்மா!" என்று கத்திவிட்டுத் தோளால் மோதினார். கதவு கீலோடு பிய்ந்து உள்ளே விழுந்தது. தலை நிறைய நுரையும் ஈரத்துணியுமாக அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். வாசலில் பள்ளிக்கூடமே நின்றது.

இரண்டாம் நாள் அம்மா வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை. "காஞ்ச மரம் ஈரத்துல உப்பிடுச்சும்மா. இப்ப சந்து விட்டு இழைச்சிட்டேன், இனிமே இறுகாது" என்று சார் கதவைத் திறந்து மூடிக் காட்டினார். அவள் கதவைப் பார்க்கவே இல்லை.

"சாக்கு தொங்கினப்ப எம்பொண்ண ஒருத்தரும் பாக்கல சார். நீங்க கதவு போட்டீங்க, எல்லாரும் பாத்துட்டாங்க."

பெட்டியை எடுத்துக்கொண்டு மகளோடு மழையிலேயே நடந்தாள். சார் இழைப்புளியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அடுத்த வருடம் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது கள்ளக்குறிச்சியில், என் வீட்டுப் பின்கட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில் மரவேலை செய்கிறேன். தெரிந்தவர்கள் அலமாரிக் கதவு கேட்டு வருகிறார்கள். கருவி எது வாங்கலாம் என்றும் கேட்கிறார்கள். முதலில் கல் வாங்குங்கள் என்கிறேன், ஈரத்துக்குச் சந்து விடுங்கள் என்கிறேன். என் கதவுகள் எந்த மழையிலும் தாராளமாகத் திறக்கின்றன. எல்லாரும் மெச்சுகிறார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அந்தப் பெண் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டாள்.