சிங்களத்திலிருந்து சிங்களத்துக்கு

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகுதான் மற்றவர்களுடையதைப் பேச எனக்கு யோக்கியதை வரும். பதுளை மாவட்டத்தின் ஒரு மூலையில் நல்லாட்சி என்று ஒன்று நடந்தால், அது என் நாக்கின் மேல்தான் நடக்கிறது என்று சில வருடங்கள் மனமார நம்பியிருந்தேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. சடங்கு வீடு, கல்யாண வீடு என்று போன இடமெல்லாம் சொல்லியும் வைத்தேன். பிரதேச செயலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளன். தோட்டத்து ஆட்கள் தமிழில் சொல்வதை அதிகாரிகளுக்குச் சிங்களத்திலும், அதிகாரிகள் சிங்களத்தில் சொல்வதைத் தோட்டத்து ஆட்களுக்குத் தமிழிலும் சொல்வது என் வேலை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவனுக்கு இது பெரிய உத்தியோகம். விழா என்றால் ஒலிவாங்கியும் என் கைக்கே வரும். அதற்கென்றே ஒரு கோட்டு வாங்கி வைத்திருந்தேன். தோள் எனக்குச் சற்றுப் பெரிது. தூரத்திலிருந்து பார்த்தால் கோட்டு மட்டும் தனியாக நின்று பேசுவது போல இருக்கும் என்று அக்கா சொல்வாள்.

அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் அன்று விளக்கேற்ற ஆட்களை அழைத்தேன். ஒரு தோட்டத்து மண்டபத்தில் நடமாடும் சேவை. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் என்று அலைகிற சனத்துக்கு எல்லா அரசாங்கக் கந்தோரும் ஒரே இடத்துக்கு வந்து வேலை செய்துகொடுக்கும் நாள். உச்சியில் சேவல் நிற்கும் பித்தளை விளக்கு. முதல் திரிக்குப் பிரதேச செயலாளர் மேடத்தை அழைத்தேன். அடுத்து யாரை அழைப்பது என்பதில்தான் இந்த நாட்டின் அரசியலமைப்பே அடங்கியிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. மண்டபத்தைக் கொடுத்து, வந்த சனத்துக்குத் தேத்தண்ணியும் கொடுத்தவர் என்ற மரியாதையில் தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரையை அழைத்தேன். பிறகு வங்கி முகாமையாளர், பிறகு பாடசாலை அதிபர். பொலிஸ் பொறுப்பதிகாரி, எங்கள் வாயில் ஓ.ஐ.சி., கடைசித் திரிக்கு வந்து சேர்ந்தபோது அதில் எண்ணெய் இல்லை. மெழுகுவர்த்தியைக் காட்டிக் காட்டிப் பார்த்தார். திரி கருகியதே தவிரப் பற்றவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து என் கையில் கொடுத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்படி அழைக்கச் சொன்னது மேடம்தான் என்று அவர் முடிவு செய்துகொண்டார். விழா நடுவில் எழுந்து போனது தன்னை அவமதிக்கத்தான் என்று மேடம் முடிவு செய்துகொண்டார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. என்னால் வந்த வினை என்று நான் உருகிக்கொண்டிருந்தபோது எங்கள் கந்தோர் வாசல் காவலாளிதான் ஆறுதல் சொன்னார். "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. இதுக்கு முந்தி இருந்தவங்க வாகனம் நிறுத்துற எடத்துக்காகப் பேசாம இருந்தாங்க. அதுக்கும் முந்தி இருந்தவங்க எதுக்குப் பேசலன்னு அவங்களுக்கே தெரியாது."

செயலகத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் நடுவே ஒரு தார்ச்சாலையும் ஒரு தேத்தண்ணிக் கடையும்தான். மேடம் ஜன்னலைத் திறந்தால் ஓ.ஐ.சி.யின் கொடிக்கம்பம் தெரியும். ஆனால் அந்தச் சாலையைக் கடக்கிற பேச்செல்லாம் என் வழியாகத்தான் கடந்தது. இருவருக்கும் தாய்மொழி சிங்களம். இருவரும் அதை என்னைவிட அழகாகப் பேசுவார்கள். அரசாங்கம் அவர்களுக்கு நடுவே ஒரு தமிழனை நிறுத்தி, சிங்களத்திலிருந்து சிங்களத்துக்கு மொழிபெயர்க்க விட்டிருந்தது. மேடம், "அந்த மனுசனுக்கு வேலை தெரியுமா தெரியாதா, கேட்டு வா" என்பார். நான் சாலையைக் கடப்பதற்குள் அது, "மேடம் உங்கள் ஆலோசனையை எதிர்பார்க்கிறார்" என்று ஆகிவிடும். ஓ.ஐ.சி., "எனக்கு உத்தரவு போட அவர் யார்?" என்பார். திரும்பி வருவதற்குள் அது, "எழுத்தில் தந்தால் உடனே செய்யலாமாம்" என்று ஆகிவிடும். மாதாந்த ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் மேசையின் இந்தக் கோடியில் அவர், அந்தக் கோடியில் இவர். ஒருவர் சொன்னதை மற்றவர் காதால் கேட்டுவிட்டு, நான் மறுபடி சொல்லும்வரை கேளாதவர் போல உட்கார்ந்திருப்பார். நான் நடுவில் கோட்டுப் போட்டுக்கொண்டு, பாலம் போல விறைத்து நிற்பேன். பாலத்தின் மேல் எல்லாரும் ஏறித்தான் போவார்கள் என்பதை யோசிக்கவில்லை.

இந்தப் பெருமையைக் கொஞ்சமும் மதிக்காத ஒரே ஆள் என் மச்சான். அக்காவின் புருஷன். மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்து மேல் டிவிஷனில் தேயிலைச் செடியை மட்டமாகக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஒல்லியான ஆள், கத்தியைத் தீட்டும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டிருப்பார். நான் என் உத்தியோகத்தின் மகிமையை விளக்கியபோது அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு பேருமே சிங்களம்தானே மாப்ள பேசுறாங்க?"

"ஆமா மச்சான்."

"அப்ப நீ எதுக்கு?"

"அவங்களுக்குள்ள பேச்சு இல்லையே."

"எங்க லயத்துலயும் ரெண்டு வீட்டுக்குப் பேச்சு இல்ல. கவுர்மெண்டுகிட்ட சொல்லி சம்பளத்துக்கு ஒரு ஆளைப் போடச் சொல்லேன்."

அக்கா அடுப்படியில் சிரித்தாள். அவர்களுடைய லயத்துக்குப் பின்னால் மலை செங்குத்தாக ஏறும். அந்த மலையில் வெடிப்பு விட்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டால் மண்சரிவு எச்சரிக்கை வரும். சனத்தை இறக்கிக் கீழே பாடசாலையில் தங்கவைப்பது எங்கள் செயலகத்தின் பொறுப்பு. முதல் முறை எச்சரிக்கை வந்தபோது நானே ஒலிபெருக்கியோடு போய்க் கூப்பிட்டேன். என் குரலை நம்பி எல்லாரும் இறங்கினார்கள். வீட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினார்கள். மழை விட்டு மேலே ஏறிப் போனபோது பூட்டு இருந்தது, வீட்டுக்குள் ஒன்றும் இல்லை. கேஸ் சிலிண்டர், டீவி, சில வீடுகளில் கூரைத் தகரம்கூட. அக்கா வீட்டுத் தொழுவத்தில் மாடு கட்டிய கயிறு மட்டும் கிடந்தது. அது சினை மாடு. தேயிலைச் சம்பளம் அரிசிக்கும் மாவுக்கும் சரி. பிள்ளையின் படிப்பு அந்த மாட்டுப் பாலில்தான் ஓடியது.

மச்சானை அழைத்துக்கொண்டு பொலிஸுக்குப் போனேன். ஓ.ஐ.சி. கேட்டார்: "வீட்டை விட்டுப் போகச் சொன்னது யார்?" செயலகம் என்றோம். "அப்படியானால் அங்கே போய்க் கேளுங்கள்." சாலையைக் கடந்து மேடத்திடம் போனோம். "திருட்டு பொலிஸ் விஷயம் அல்லவா?" என்றார். இரண்டு பதிலும் சட்டப்படி சரிதான். இறக்குவது இவர் வேலை, இறங்கியவர்களின் வீட்டைக் காப்பது அவர் வேலை. இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துச் செய்வதற்கு அவர்கள் ஒரு தரம் முகம் கொடுத்துப் பேச வேண்டும். தேத்தண்ணிக் கடையில் மச்சான் பிளேன்டியை ஆற்றியபடி சொன்னார்: "சரி மாப்ள. மழையை ஒங்க மேடம் பாத்துக்கட்டும், திருடனை ஓ.ஐ.சி. பாத்துக்கட்டும். மலையை நாங்க பாத்துக்கிறோம்."

நான் சிரித்தேன். நல்ல பேச்சு என்று கந்தோரில் இரண்டு பேரிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன்.

அடுத்த எச்சரிக்கை மார்கழி மழையில் வந்தது. மறுபடி ஒலிபெருக்கி, மறுபடி நான். இந்த முறை சனம் அசையவில்லை. "மாட்டை யார் தம்பி பாப்பா? நீயா?" என்று ஒரு அம்மா கேட்டார். கடைசியில் ஆண்கள் கூடி அவர்களே ஒரு ஏற்பாடு செய்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் இறங்குவது. லயத்துக்கு ஓர் ஆள் முறைபோட்டுக் காவல் இருப்பது. பொலிஸ் வந்ததும் அவர்களும் இறங்கிவிடுவது. எச்சரிக்கை விடுத்த மறுநாள் மச்சானின் முறை. அக்கா திரும்பவும் கடன்பட்டு ஒரு கன்று வாங்கிக் கட்டியிருந்தாள். அதை ஓட்டிக்கொண்டு பாடசாலைக்கு வரவும் வழியில்லை. பாதை முழுக்கச் சேறு.

அன்று காலையிலிருந்து நான் அந்தச் சாலையைக் கடந்துகொண்டேயிருந்தேன். மேடம் சொன்னார், இரண்டு பொலிஸ்காரரை அனுப்பச் சொல். ஓ.ஐ.சி. சொன்னார், எழுத்தில் கேட்கச் சொல். எழுதிக் கொண்டுபோனேன். வாகனம் செயலகம்தான் தர வேண்டும் என்றார். மேடம், என் வாகனம் அரிசி ஏற்றிப் போயிருக்கிறது, பொலிஸுக்கு ஜீப் இல்லையா என்றார். ஜீப் இருக்கிறது, போன விழாவில் காவலுக்கு வந்த எங்கள் ஆட்களுக்குச் சாப்பாடுகூடக் கொடுக்கவில்லையே என்றார் ஓ.ஐ.சி. சாப்பாடு கொடுப்போம் என்றேன். அதை மேடம் சொல்லட்டும் என்றார். வழக்கம்போல எல்லாவற்றிலும் முள்ளை எடுத்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருவரும் கோபப்படவேயில்லை. கோபப்பட்டிருந்தால் ஒருவேளை ஒருவர் வாசலுக்கு மற்றவர் சண்டைக்காவது போயிருப்பார். நான் மெழுகிக் கொடுத்த வார்த்தைகளில் அவசரம் என்பது எங்கேயோ கழன்று விழுந்திருந்தது.

மத்தியானம் ஓ.ஐ.சி., "சரி, அனுப்புவோம்" என்றார். நான் சாலை ஓரத்தில் நின்றே மச்சானைக் கூப்பிட்டேன். அவர்கள் டிவிஷனில் அம்மன் கோயில் மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். காவலுக்கு இருந்த ஆட்கள் சிக்னல் பார்க்க அங்கே ஏறி ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

"வர்றாங்க மச்சான். நீங்க எறங்குங்க."

"ஓ.ஐ.சி. சொன்னாரா, ஒங்க மேடம் சொன்னாங்களா?"

"ரெண்டு பேரும்தான்."

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஒரே பேச்சா? மழை இன்னும் பலமாப் பேயப்போகுது மாப்ள." சிரித்தார். பிறகு சொன்னார்: "வரட்டும். வந்ததும் எறங்குறேன். கன்னுக்குட்டி கத்துது."

ஜீப் புறப்படும்போது பின்னேரமாகிவிட்டது. பாதிவழியில் எதிரே ஓடிவந்த ஆட்கள் அதை நிறுத்தினார்கள். மலை இறங்கி வந்து மச்சானின் லயத்தை மூடியிருந்தது.

மறுநாள் நான் கண்ட காட்சி: மேடமும் ஓ.ஐ.சி.யும் ஒரே ஜீப்பிலிருந்து இறங்கினார்கள். அதன் பிறகு எல்லாம் அச்சுப் பிசகாமல் நடந்தது. மண்வெட்டும் இயந்திரம் வந்தது. கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதர் நடப்பதற்குச் சேற்றில் பலகை போட்டார்கள். செயலகம் கூடாரம் அடித்தது, பொலிஸ் கயிறு கட்டியது. மச்சானை எடுத்த பிறகும் மண்மேட்டைச் சுற்றி மஞ்சள் நாடா இழுத்து, மழைக்கோட்டுப் போட்ட இரண்டு பொலிஸ்காரரை நிறுத்தினார்கள். முறை மாறும் நேரத்துக்கு மாறினார்கள். சாப்பாடு செயலகத்திலிருந்து நேரம் தவறாமல் போனது.

பாடசாலை மண்டபத்தில் சனத்தைக் கூட்டி மேடம் பேசினார். இரு தரப்பும் கைகோர்த்து இரவு பகல் பாராமல் உழைப்பதாகச் சொன்னார். ஓ.ஐ.சி.க்கு நன்றி சொன்னார். நான் தமிழில் சொன்னேன். முன்வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்ததும் பக்கத்து லயத்து ஆள் ஒருவர் எழுந்து, "தம்பி, அந்த ரெண்டு பொலிஸும் இப்ப எதைக் காக்கிறாங்க, கேட்டுச் சொல்லுங்க" என்றார். என் உத்தியோக வாழ்க்கையில் முதல்முறையாக முள்ளை எடுக்காமல், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அதை அப்படியே சிங்களத்தில் கேட்டேன். ஓ.ஐ.சி. மேடத்தைப் பார்த்தார். மேடம் தலையாட்டினார். ஓ.ஐ.சி. எழுந்து நின்று சொன்னார்: "பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். தேவைப்படும்வரை காவல் இருக்கும்."

அதையும் தமிழில் சொன்னேன்.

இருவரும் மாற்றலாகிப் போய்விட்டார்கள். இருவருக்கும் பதவி உயர்வு என்று கேள்வி. இப்போது இருக்கும் செயலாளரும் ஓ.ஐ.சி.யும் நல்ல சிநேகம். சாயங்காலம் சேர்ந்து பூப்பந்து ஆடுகிறார்கள். எச்சரிக்கை வந்தால் பொலிஸ் ஜீப் முதலில் மேலே ஏறுகிறது, சனம் அதன் பிறகு இறங்குகிறது. யாரும் காவலுக்கு நிற்பதில்லை. இப்படிச் செய்வது இவ்வளவு எளிதா என்று பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. கூடவே ஒரு பயம். ஆட்டத்தில் தோற்ற கடுப்பில் என்றைக்காவது ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால், மறுபடி எந்த மலையடிவாரத்தில் எவன் கன்றுக்குட்டியோடு நிற்பான்? அரசாங்கத்தைப் பெரிய இயந்திரம் என்கிறார்கள். நான் பார்த்த அரசாங்கம் இரண்டு பேரின் முகராசியில் ஓடியது.

அக்கா இன்னும் பழைய தேயிலை ஸ்டோரில், பலகை அடித்துத் தடுத்த ஓர் அறையில் இருக்கிறாள். வீடு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். போனால் ஏதாவது சொல்லி அவளைச் சிரிக்கவைக்கப் பார்ப்பேன். சில நாள் சிரிப்பாள். ஒரு கேள்வி மட்டும் என்னிடம் வருடக்கணக்காகக் கிடந்தது. நான் "வர்றாங்க" என்று சொன்னதால்தானே, வருகிறவர்களிடம் லயத்தை ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று மச்சான் அங்கேயே நின்றார்? நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், இனி யாரும் வரமாட்டார்கள் என்று கன்றை விட்டுவிட்டு இறங்கியிருப்பாரே? போன வாரம் அவள் பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தாள். சும்மா பேச்சுக்குக் கேட்பது போலக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு பொலிஸ் வருதுன்னு நான் சொன்னதை மச்சான் நம்பித்தானே நின்னாரு?"

அவள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நம்பியிருந்தா எறங்கியிருப்பாரு."