ஒரு ஜோடி வார்

சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒருவர் செருப்பு வாருக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அந்த வாசனை என்னை அப்பாவிடம் கொண்டுபோய்விட்டது.

அப்பா குதிரையேற்றம் கற்றுக்கொடுப்பவர். குதிரையை முடுக்கும் குதிமுள்ளைப் பூட்ஸோடு சேர்த்துக் கட்ட இரண்டு தோல் வார்கள் வைத்திருந்தார். நான் ஆறாவது படிக்கும்போது, ஈரத் தரையில் குதிரை சறுக்கி அவர்மேல் விழுந்தது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வேலையை விட்டு ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்த பிறகும் ஞாயிறுதோறும் அப்பா இரண்டு வார்களையும் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, எண்ணெய் தடவினார். ஒன்றில் வெடிப்பு கண்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு மலைக்கோட்டைப் பக்கம் ஒரு தோல் கடைக்குப் போனார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒவ்வொரு வாரையும் வளைத்து, தையலை நகத்தால் கீறிப் பார்த்தார்.

கடைக்காரர் அவர் காலைப் பார்த்துவிட்டு, "ஒத்தையா வேணும்னாலும் தரேங்க" என்றார்.

"ஜோடியாவே குடுங்க."

வீட்டில் அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். வார்களைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"உங்க குதிரைய வித்துட்டாங்களாம்ங்க."

"தெரியும்."

"அப்புறம் இது எதுக்குங்க?"

அப்பா எண்ணெய்க் கிண்ணத்தைக் கேட்டார். அம்மா எடுத்துக் கொடுத்தாள்.

பல வருஷம் அப்படியே ஓடியது. அப்பா இறந்த பிறகு அந்த வார்களை எடுத்துப் பார்த்தேன். தோல் துணிபோல மெத்தென்றிருந்தது. கொக்கி ஒருமுறைகூட ஏறாததால், துளைகள் மட்டும் கடையில் வாங்கியபடியே இறுக்கமாக இருந்தன.