ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்

அதே காட்சியை மூன்றாம் முறையாக ஓடவிடுகிறார், ஒலியை முழுதாக அணைத்துவிட்டு. திரையில் ஒருத்தி கணவனைத் திட்டித் தீர்க்கிறாள். "அவ வாயைப் பாக்காதீங்க, தட்டைப் பாருங்க. அவன் பக்கம் தள்ளி வைக்கிறா. கோபம் போயிடுச்சு, வாய்க்குத்தான் இன்னும் தெரியல. கதை எழுதறவன் இதைத்தான் எழுதணும்" என்கிறார்.

எங்கள் குடியிருப்பில் அவருக்கு 'ஊமைப்படம்' என்று பெயர். வைத்தது அவர் மனைவிதான். இவர் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். பகலெல்லாம் அடுத்தவர் பேச்சை எழுதி அலுத்துப்போனவர். "பேசறதுல பாதி பொய்ங்க, மீதி வக்கீல் சொல்லிக் கொடுத்தது." மாலையில் சட்டையைக்கூட மாற்றாமல் படத்தின் முன் சாய்ந்துவிடுவார். அவர் எழுதும் கதைகளில் வசனம் குறைந்துகொண்டே வருகிறது. ஒருமுறை என் கதையை வாங்கி, நாயகியின் ஒரு பக்கப் புலம்பலை அடித்துவிட்டு, 'அவள் விளக்கைத் துடைத்தாள்' என்று எழுதித் தந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கதை தேறிவிட்டது, என்ன செய்ய!

வீட்டில் இந்த வித்தை பலிக்கவில்லை. மகளுக்கு எங்கோ தூரத்து ஊரில் ஆஸ்பத்திரி வேலை. ஒரு வாரமாக வீடு இரண்டுபட்டுக் கிடந்தது. அம்மா 'போகாதே' என்று அழுதார். மகள் கேட்டதெல்லாம் அப்பாவிடமிருந்து ஒரு வார்த்தை.

"போன்னு சொல்லுங்க, இல்ல வேணாம்னு சொல்லுங்க. வாயே திறக்கலைன்னா நான் என்னன்னு எடுத்துக்கறதுப்பா?"

அவர் எழுந்துபோய் அவளுடைய அறுந்த செருப்பைத் தைத்து வாங்கிவந்து வைத்தார். "செருப்பு யாருக்குப்பா வேணும்" என்று அவள் உடைந்துபோனாள். "இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு நான் மாரடிக்கிறேன்" என்றார் மனைவி என்னிடம், குரலில் கோபம்கூட மிச்சமில்லாமல்.

இன்று காலை வாசலில் கார் வந்து நின்றது. பெட்டியை அவர்தான் தூக்கிவந்தார். மகள் காருக்குள் உட்கார்ந்து அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லித் தொலையுங்களேன் ஐயா என்று எனக்கே வாய்வரை வந்தது. டிரைவர் பின்கதவைத் திறந்து, பெட்டிக்காகக் கை நீட்டினார். இவர் கொடுக்கவில்லை.

"சார், நேரமாகுது."

இவர் மறுகையையும் கைப்பிடியில் வைத்து இறுக்கிக்கொண்டார்.